திண்டுக்கல் தோல் தொழிலும் அபாயக் கழிவும்

பூட்டுக்கும் புகையிலைக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் தோல் பதனிடுதலும் நெடுநாள் நிலைத்த தொழிலாகும். பேகம்பூரையும் நகரின் புறப்பகுதிகளையும் சார்ந்து வளர்ந்த இத்தொழில், ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பல குடும்பங்களை வாழவைத்தது. சரக்கு செல்லும் வழியை நன்கறிந்திருந்த இந்நகரம், கழிவு செல்லும் வழியை மிகத் தாமதமாகவே எண்ணத் தொடங்கியது.

பழைய முறையில், பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடப்பட்டு, பின்னர் அவ்வுப்பு நீங்க நீரில் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் களையப்பட்ட பின், ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சாற்றில் வாரக்கணக்கில் கிடந்து பதமாகும். அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு 1973இல் இந்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமை செய்த தோலுக்கு ஊக்கமளித்ததைத் தொடர்ந்து, அதே வேலையை மிகக் குறுகிய காலத்தில் முடிக்கும் குரோமிய உப்பு முறை தமிழகமெங்கும் பரவியது.

மாசு என்றதும் பழி முழுவதும் குரோமியத்தின்மேல் விழுவது வழக்கமாயினும், கிணறுகளைப் பெரிதும் கெடுத்தது தோலைக் காக்க இட்ட சாதாரண உப்பேயாகும். கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் சேறாகப் படிந்துவிடும். கரைந்த உப்போ எதிலும் படியாமல் நீரோடு போய்விடும். திண்டுக்கல் சமவெளியில் மெல்லிய மண்ணுக்கடியில் கடும்பாறை கிடப்பதால், நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளிலேயே தேங்குகிறது. அவ்வெடிப்புகளில் ஒருமுறை புகுந்த உப்பு பல ஆண்டுகள் மழை பெய்தாலும் எளிதில் அகலுவதில்லை. குடகனாற்றுப் படுகையில் குடிநீரும் பாசனமும் ஒருங்கே கிணற்றை நம்பியிருந்தமையால், உழவர்கள் அடைந்த இழப்பு ஆலைகள் ஈட்டிய அந்நியச் செலாவணிக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

நச்சுக் கழிவைக் கையாளவும் அப்புறப்படுத்தவும் தனி விதிகள் இந்தியாவில் 1989இல்தான் வகுக்கப்பட்டன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளைத் தொட்டது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடும், தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு அறிவித்தது. பல ஆலைகளின் கழிவுநீரை ஓரிடத்தில் சேர்த்துத் தூய்மை செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் திண்டுக்கல்லிலும் அமைந்தது. ஆயினும் நீரிலிருந்து பிரித்தெடுத்த குரோமியச் சேறும் அபாயக் கழிவே என்பதால், அப்புறப்படுத்தும் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடவில்லை.

இப்பொறுப்பு ஆலை வாசலோடு நிற்பதும் இல்லை. வீட்டில் சேரும் பூச்சிமருந்து டப்பா, பெயின்ட் டப்பா, பழைய பேட்டரி, உடைந்த பாதரச வெப்பமானி ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. கொசு ஸ்பிரே டப்பா இவ்வகையில் தனிக் கவனம் வேண்டுவது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின், மருந்தை வெளித்தள்ளும் வாயுவாகப் பெரும்பாலும் சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த பியூட்டேனும் புரோப்பேனுமே அடைக்கப்படுகின்றன. மருந்து தீர்ந்த பின்னும் உள்ளே அழுத்தத்தோடு வாயு எஞ்சியிருக்கும் என்பதாலேயே, 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் இடத்தில் வைக்கலாகாது, துளைக்கலாகாது, எரிக்கலாகாது என்னும் எச்சரிக்கை டப்பாவின்மேல் சிறிய எழுத்தில் அச்சிடப்படுகிறது. காயலான் கடையில் அதை நசுக்குபவரும் குப்பைமேட்டில் தீ மூட்டுபவரும் அவ்வெழுத்தைப் படிப்பதில்லை. ஆகவே வீட்டார் இத்தகைய டப்பாக்களை ஈரக் குப்பையோடும் பழைய இரும்போடும் கலக்காமல், வெயில் படாத இடத்தில் தனியே சேர்த்து, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.