கோபுரம் தாங்கும் பொம்மை

ஒரு கட்டடம் ஒரு நகரத்தைக் காப்பாற்றுமா? காப்பாற்றும் என்போர் ஸ்பெயினின் வடகோடியிலுள்ள பில்பாவோவைச் சான்று காட்டுவர். அக்கதையை நாம் சற்று முன்னிருந்தே தொடங்குவோம்.

இரும்பாலும் கப்பலாலும் வாழ்ந்த ஊர் அது. 1970களின் பிற்பகுதியில் அத்தொழில்கள் நொடித்தன. 1983 ஆகஸ்டில் ஆற்றுவெள்ளம் பழைய நகரை மூழ்கடித்தது. மறு ஆண்டு, எவுஸ்கல்துனா கப்பல் கட்டும் தளத்தைக் காக்கத் தொழிலாளர்கள் தடுப்பரண் அமைத்துக் காவலரோடு மோதினர். ஆயினும் அத்தளம் பின்னர் மூடப்பட்டது.

இந்நிலையில், பொதுப்பணத்தில் ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவிட்டு குகன்ஹெய்ம் அருங்காட்சியகம் கட்ட பாஸ்க் ஆட்சியாளர் முனைந்தனர். வேலையற்றோர் நிறைந்த ஊரில் இது வீண் ஆடம்பரம் எனப் பலர் வெகுண்டனர். பிராங்க் கெரி வடிவமைத்த அந்த டைட்டானியக் கட்டடம் 1997 அக்டோபரில் திறக்கப்பட்டது. முதலாண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தனர். ‘பில்பாவோ விளைவு’ என்னும் தொடர் உலகெங்கும் பரவியது.

கோபுரத்தைத் தானே தாங்குவதாக எண்ணிக்கொள்ளும் பொம்மையை நாம் அறிவோம். இங்கோ, பொம்மைதான் தாங்குகிறது என உலகமே நம்பியது. சாக்கடையாய்க் கிடந்த ஆற்றைத் தூய்மையாக்கும் பணி 1980களிலேயே தொடங்கியிருந்தது. அதற்கான செலவு அருங்காட்சியகச் செலவைப் பன்மடங்கு விஞ்சியது. மெட்ரோ ரயில் 1995இல் ஓடத் தொடங்கியது. துறைமுகம் கடல்முகத்துக்கு நகர்ந்து ஆற்றங்கரை நிலத்தை விடுவித்தது. மண்ணுக்கடியிலும் நீருக்குள்ளும் போன பணத்தை எவரும் படம் பிடிப்பதில்லை.

கட்டடத்தை மட்டும் கண்டு வியந்தவர்கள் இடறினர். அதே ஸ்பெயினில், சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகருக்கு வெளியே குன்றின்மேல் எழுந்த ‘பண்பாட்டு நகர’த்தின் செலவு மதிப்பீட்டை மீறிப் பெருகியது. திட்டமிட்ட ஆறு கட்டடங்களில் இரண்டு 2013இல் கைவிடப்பட்டன.

பில்பாவோவின் வெற்றி பொய்யன்று; அது எவருடையது என்பதே நம் வினா. கப்பல் தளம் இருந்த இடத்தில் 1999இல் ஓர் இசை அரங்கம் எழுந்தது. அதற்குப் பெயர் எவுஸ்கல்துனா; உருவமோ, கட்டி முடியாத கப்பல். கப்பல் கட்டியவர்களுக்கு எஞ்சியது அந்தப் பெயரும் உருவமுமே. 2021இல் குகன்ஹெய்மின் துப்புரவுப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். ஒன்பது மாதங்களுக்கும் மேலாகப் போராடியே அதைப் பெற்றனர். கோபுரத்தை உண்மையில் தாங்குவோர் யாரென்று அந்த மாதங்கள் காட்டின.