இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை: சீட்டு எழுதும் முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

நெஞ்சு படபடக்கிறது என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதி டாக்டர்களிடம் போகும் எல்லோருக்கும் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை தேவைப்படாது. ரத்த சோகை, தைராய்டு, பொட்டாசியம் குறைவு ஆகியவற்றைச் சரிசெய்தாலே சிலருக்குப் படபடப்பு அடங்கிவிடும். ஈசிஜியில் கோளாறு உறுதியான பிறகே மருந்து பற்றி முடிவு செய்ய வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு ஃப்ளெகைனைடு, என்கைனைடு மாத்திரைகளைக் கொடுத்து 1980களின் இறுதியில் 'காஸ்ட்' என்ற ஆய்வு நடந்தது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்தான். ஈசிஜியில் துடிப்பு சீரானாலும் உயிரிழப்பு கூடியதால், 1989இல் அந்த மருந்துகள் நிறுத்தப்பட்டன.

இன்று பரவலாக எழுதப்படும் அமியோடரோன் மாத்திரைக்கும் கண்காணிப்பு அவசியம். அதன் எடையில் 37 சதவீதம் அயோடின் என்பதால் தைராய்டைப் பாதிக்கலாம். கல்லீரல், நுரையீரல், கண் ஆகியவையும் பாதிக்கப்படலாம். எனவே தொடங்கும் முன் ஈசிஜி, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை தேவை.

வழக்கமாக 200 மி.கி. மாத்திரை முதல் வாரம் தினம் 3, அடுத்த வாரம் 2, பிறகு 1 என்று குறைக்கப்படும். முதல் வாரச் சீட்டையே மருந்துக் கடையில் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

வார்ஃபரின், டிகாக்சின், சிம்வாஸ்டேட்டின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அமியோடரோன் சேரும்போது ரத்தத்தில் அவற்றின் வீரியம் கூடும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். அளவைக் குறைத்து, ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு, பார்வை மங்கல், கை நடுக்கம் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மயக்கம் வந்தால் 108ஐ அழையுங்கள். வெயிலில் தோல் கருகலாம். உடலை மறைத்துச் செல்வது நல்லது.

நோன்பு வைக்க விரும்புபவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைக் கேட்டு, மாத்திரை நேரத்தை சஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் இம்மருந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும். எனவே வேறு எந்த டாக்டரிடம் போனாலும் பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள்.