காப்பிக்குக் கூப்பிட்ட வழியில் வந்த தீர்மானம்

1992 மார்ச்சில் பாஸ்னியாவிலிருந்து ஒரு பாதிரியார் நியூயார்க் வந்தார். ஊரில் நடப்பதை ஐ.நா. பாதுகாப்புச் சபையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். சபைக்குள் அவரை முறைப்படி உட்காரவைத்துக் கேட்க வழி பிறக்கவில்லை. அந்த மாதம் சபைத் தலைவராக இருந்தவர் வெனிசுவேலா தூதர் தியேகோ அர்ரியா. கூட்டத்துக்குத்தானே கூப்பிட முடியாது, காப்பிக்குக் கூப்பிடலாமே என்று நினைத்தார். தூதர்கள் உட்கார்ந்து அரட்டையடிக்கும் ஓய்வறைக்குச் சக உறுப்பினர்களை வரவழைத்துப் பாதிரியாரைப் பேசவைத்தார். ‘அர்ரியா முறை’ என்று இன்றும் வழங்கும் கூட்டங்கள் இப்படித்தான் தொடங்கின.

அந்தப் பக்கவாசல் வழியாகத்தான் 2000 அக்டோபர் 23 அன்று நான்கு பெண்கள் வந்தார்கள். சியரா லியோனின் ஈஷா டைஃபன், சோமாலியாவின் ஃபைசா ஜாமா முகமது, சாம்பியாவின் இனோங்கே ம்பிகுசிட்டா-லெவானிகா, குவாத்தமாலாவின் லூஸ் மெண்டெஸ். இவர்களில் மெண்டெஸ், 1996இல் முடிவுக்கு வந்த குவாத்தமாலா சமாதானப் பேச்சில் கெரில்லாத் தரப்புக் குழுவில் இருந்தவர். பேச்சு மேசையில் பெண்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகமாக அல்ல, அனுபவமாகச் சொல்லக்கூடியவர். எட்டு நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, பதினைந்து உறுப்பு நாடுகளும் ஒருமனதாக 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றின. பெண்கள், அமைதி, பாதுகாப்பு என்ற பொருளுக்கென்றே சபை நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. சபைக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

கோரிக்கை என்னவோ சபையைவிடப் பழையது. முதல் உலகப் போர் மூண்டிருந்த 1915 ஏப்ரலில், சண்டையிட்டுக்கொண்டிருந்த நாடுகளிலிருந்தும் சண்டையில் சேராத நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடினார்கள். பிரிட்டனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் புறப்படத் தயாராக இருந்தும் கடல்வழி அடைக்கப்பட்டதால் மூன்றே மூன்று பேர்தான் கலந்துகொள்ள முடிந்தது. தலைமை வகித்த அமெரிக்கர் ஜேன் ஆடம்ஸுக்கு 1931இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்த மாநாட்டிலிருந்து பிறந்த மகளிர் சர்வதேச அமைதி, சுதந்திர லீக் 2000இலும் களத்தில் இருந்தது.

இடையில் நடந்தவை தெரிந்த கதைதான். பாஸ்னியாவிலும் ருவாண்டாவிலும் வன்புணர்ச்சி போர்க்கருவியானதை 1990களில் உலகம் செய்தித்தாளில் படித்தது. 1995 பெய்ஜிங் மகளிர் மாநாடு ஆயுத மோதல்களில் பெண்களின் நிலையைத் தனி அத்தியாயமாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் மாநாட்டுத் தீர்மானம் வேறு, பாதுகாப்புச் சபைத் தீர்மானம் வேறு.

2000ஆம் ஆண்டில் எல்லாம் கூடிவந்தது. அதற்குக் காரணம் வல்லரசுகள் அல்ல, இரண்டாண்டு மட்டும் சபையில் இருந்துவிட்டுப் போகிற சின்ன நாடுகள். மார்ச் மாதத் தலைமை வங்கதேசத்துக்கு. அதன் தூதர் அன்வருல் கரீம் சௌத்ரி, மகளிர் தினத்தன்று பெண் சமத்துவம் இல்லாமல் அமைதி இல்லை என்ற கருத்தில் சபையின் பெயரில் அறிக்கை வெளியிட்டார். இதெல்லாம் நம் வேலையா என்று முகம் சுளித்த நிரந்தர உறுப்பினர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மே மாதம் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில் ஐ.நா. அமைதிப்படைப் பணிகளில் பெண்களின் பங்கு பற்றி ஒரு பிரகடனம் வந்தது. ஐ.நா. மேற்பார்வையில் நடந்த தேர்தல் வழியே 1990இல் விடுதலை பெற்ற நாடு நமீபியா. 2000இல் அங்கே மகளிர் நலத்துறையைப் பார்த்தவர் நெடும்போ நந்தி-என்டைட்வா. 2025இல் நாட்டின் அதிபரே ஆகிவிட்டார். அக்டோபர் மாதச் சபைத் தலைமை நமீபியாவுக்கு வந்தது.

சபைக்கு வெளியே வேலை பார்த்தவர்கள் வேறு. ஹேக்கின் வாரிசான லீக், ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல், இன்டர்நேஷனல் அலெர்ட் உள்ளிட்ட ஆறு அமைப்புகள் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தன. தூதரகம் தூதரகமாக ஏறி இறங்கினார்கள். படிக்க நேரமில்லை என்று யாரும் தப்பித்துவிடக் கூடாதே, ஆவணங்களைச் சுருக்கித் தொகுத்துக் கையில் கொடுத்தார்கள். தீர்மானத்தின் முதல் வரைவையும் அவர்களே எழுதினார்கள். சிங்கப்பூரின் நோலீன் ஹெய்சர் தலைமையில் இருந்த ஐ.நா. மகளிர் நிதியம் அதைச் செப்பனிட, நமீபியா சபைக்குக் கொண்டுபோனது. சபையில் இருக்கை இல்லாதவர்கள் எழுதிய வரைவு சபையின் தீர்மானமாக ஆவது அபூர்வம்.

அதில் என்ன இருக்கிறது? முடிவெடுக்கும் இடங்களில் பெண்களின் எண்ணிக்கை கூட வேண்டும். அகதி முகாம்களில் அவர்களுடைய தேவை கவனிக்கப்பட வேண்டும். பாலியல் கொடுமை செய்தவர்கள் தண்டனையிலிருந்து தப்பக் கூடாது. எனக்குப் பிடித்தது 13ஆம் பத்தி. ஆயுதங்களைக் களையும் திட்டங்களில் பெண் போராளிகளின் தேவை வேறு, ஆண்களின் தேவை வேறு என்று அது சொல்கிறது. சியரா லியோனில் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் மறுவாழ்வு உதவி என்றார்கள். கடத்திக்கொண்டு போய்ச் சமைக்கவும் சுமக்கவும் வைத்து, ‘மனைவி’யும் ஆக்கப்பட்ட பெண்கள் ஒப்படைக்கத் துப்பாக்கிக்கு எங்கே போவார்கள்?

குறையும் அதே தாளில்தான். எத்தனை பெண்கள், எந்த ஆண்டுக்குள், செய்யாவிட்டால் என்ன என்று ஒரு வரி கிடையாது. ஹேக்கில் கூடியவர்கள் போரே கூடாது என்றார்கள். 1325 அந்தப் பேச்சுக்கே போகவில்லை. போர் பாட்டுக்கு நடக்கட்டும், பெண்களை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரசுகள் இதை வளைத்துவிடக்கூடும் என்று, 2000இல் உடன் உழைத்த கோரா வைஸ் திரும்பத் திரும்ப எச்சரித்தார். 2008இன் 1820 தொடங்கி அடுத்தடுத்து வந்த தீர்மானங்கள் பலவும் பாலியல் வன்முறையிலிருந்து காப்பதையே பிடித்துக்கொண்டன. அது அவசியந்தான். ஆனால் பெண்ணைக் காக்க ஒப்புக்கொள்ளும் அரசுகளுக்கு, பேச்சு மேசையில் அவளுக்கு நாற்காலி போடத்தான் மனம் வருவதில்லை.

நம் பக்கத்திலும் ஒருமுறை நாற்காலி போடப்பட்டது. 2002 டிசம்பரில் ஆஸ்லோவில் நடந்த இலங்கைப் பேச்சில் பெண்கள் துணைக்குழு ஒன்று அமைக்க இணங்கினார்கள். அரசுத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் தமிழினி தலைமையில் ஐந்து பேர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலக, குழுவின் வேலையும் முடங்கியது. 1325ஐச் செயல்படுத்தும் தேசியத் திட்டத்தை இலங்கை வெளியிட 2023 ஆயிற்று. இந்தியாவிடம் அப்படியொரு திட்டமே இல்லை.