பாட்டி வீட்டு பாத்ரூமும் 1948 ஜூலை ஒண்ணாம் தேதியும்

"நம்ம வீட்ல கக்கூஸ் கட்டறதுக்கு எவன்கிட்டடா போய் கேக்கணும்?"

நண்பரோட அம்மா கேட்ட கேள்வி இது. அதுக்கு பதில் தேடப் போய்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோட வாங்க.

நண்பர் இங்கிலாந்துல ஒரு கிராமத்துல வீடு வாங்கியிருக்கார். ஊர் பேர் வேணாம். தனியா நிக்கிற பழைய கல்லு வீடு. பாத்ரூம் மாடியில. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும். கும்பகோணத்துலேர்ந்து வந்து கூட இருக்கிற அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏற முடியலை. ஒரு தடவை சறுக்கி விழுந்துட்டாங்க. அதனால கீழே, வீட்டுக்குப் பக்கவாட்டுல ஒரு சின்ன பாத்ரூம் கட்டிடலாம், அப்படியே கூரையில ஒரு டார்மர் (கூரைச் சரிவுலேர்ந்து துருத்திக்கிட்டு நிக்கிற ஜன்னல்) வச்சு மேலே ஒரு ரூமும் எடுத்துடலாம்னு பிளான்.

விண்ணப்பம் போட்டு எட்டு வாரம் காத்திருந்ததுக்கு வந்த பதில்: முடியாது. காரணம்? எதிர் வயல் வழியா போற பொது நடைபாதையிலேர்ந்து பார்த்தா, நிலக்காட்சியோட இயல்பு கெடுதாம்.

இத்தனைக்கும் இதே வீடு சாதாரண நகரத்துல இருந்திருந்தா, வீட்டு அகலத்துல பாதி வரைக்கும் பக்கவாட்டுல ஒரு தளம் கட்டிக்க பெரும்பாலும் யாரையும் கேக்கவே வேண்டாம். பின்பக்க டார்மருக்கும் அப்படித்தான். ஆனா இந்த கிராமம் இருக்கிறது "ஏரியா ஆஃப் அவுட்ஸ்டாண்டிங் நேச்சுரல் ப்யூட்டி"க்குள்ள. 2023 நவம்பர்ல இதுக்கெல்லாம் "நேஷனல் லேண்ட்ஸ்கேப்"னு பேர் மாத்தினாங்க, சட்டத்துல மட்டும் பழைய பேர்தான். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சேர்த்து இப்படி 38 இருக்கு. இதுக்குள்ள வீடு இருந்தா பக்கவாட்டுல கட்டணும்னா கேக்கணும், பின்பக்கம் ரெண்டு மாடி எழுப்பணும்னா கேக்கணும், கூரையைப் பெருக்கணும்னா கேக்கணும், சுவருக்கு மேல பலகை ஒட்டணும்னாலும் கேக்கணும்.

யார் போட்ட சட்டம்யா இதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

அழகுக்காக அடுத்தவன் வீட்டைக் குறை சொல்றது அங்கே பழைய வியாதி. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1810-ல லேக் டிஸ்ட்ரிக்ட் பத்தி ஒரு வழிகாட்டி எழுதினார். பிற்பாடு பல பதிப்பு போச்சு. புதுசா வந்து வீடு கட்டறவங்க பளிச்னு வெள்ளையடிச்சு மலையையே கெடுக்கிறாங்கன்னு அதுல ஒரே புலம்பல். வீடு மலையிலேர்ந்து முளைச்ச மாதிரி இருக்கணுமாம். ஆனா அவர் புலம்பத்தான் முடிஞ்சது. நிலம் உன்னுது, பெயிண்ட் உன்னுது, அடிச்சுக்கோ. அன்னிக்கு சட்டம் அவ்வளவுதான்.

நிலைமை மாறினது முதல் உலகப் போருக்கு அப்புறம். விவசாயம் படுத்துப் போச்சு, நிலம் சல்லிசா கிடைச்சுது. பஸ்ஸும் காரும் வந்தாச்சு. ரெண்டு போருக்கும் நடுவுல அந்த நாட்டுல சுமார் 40 லட்சம் வீடு கட்டியிருக்காங்க. ரோட்டோரமா ரிப்பன் மாதிரி வீடுகள் நீண்டுகிட்டே போச்சு. 1935-ல அதைத் தடுக்கவே "ரிப்பன் டெவலப்மென்ட்"னு பேர் போட்டு ஒரு சட்டம் வந்துச்சுன்னா பார்த்துக்குங்க.

இதுல ரொம்ப சுவாரசியமான ஊர் பீஸ்ஹேவன். சசெக்ஸ் கடற்கரையில, வெள்ளைப் பாறை முகட்டு மேல. சார்லஸ் நெவில்னு ஒரு ரியல் எஸ்டேட் ஆசாமி. 1916-ல, போர் நடந்துகிட்டிருக்கும்போதே, என் ஊருக்கு பேர் வைங்கன்னு போட்டி அறிவிச்சார். ஜெயிக்காதவங்களுக்கும் ஆறுதல் பரிசா ஒரு மனை இலவசம். ஆனா பத்திரச் செலவுக்கு மூணு கினி கட்டணும்! நம்மூர் "குலுக்கலில் மனை இலவசம், பதிவுக் கட்டணம் மட்டும்" நோட்டீஸ் ஞாபகம் வரலை? டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை கோர்ட்டுக்கே போச்சு. அந்த வழக்கே அவருக்கு ஓசி விளம்பரமாச்சு.

இந்த மாதிரி மனைகளை வாங்கினது யாருன்னு பார்த்தா, போர்லேர்ந்து திரும்பின சிப்பாய், லண்டன் குடிசைப் பகுதித் தொழிலாளி, இப்படிப்பட்ட ஜனங்க. கையில இருந்த காசுக்கு மனை, கிடைச்ச பொருள்ல வீடு. சிலர் பழைய ரயில் பெட்டியை வாங்கி வந்து நிறுத்தி அதுலயே குடித்தனம் நடத்தினாங்க. எசெக்ஸ் பக்கம் இப்படி ஏக்கர் கணக்குல இருந்துச்சு. தண்ணிக் குழாய் இல்லை, ரோடு இல்லை. ஆனா சொந்த வீடு, சொந்தத் தோட்டம்.

படிச்சவங்களுக்கு இது கண்ணை உறுத்திச்சு. 1926-ல பாட்ரிக் அபர்குரோம்பின்னு ஒரு நகரமைப்புப் பேராசிரியர் முன்கை எடுத்து கிராமப்புறப் பாதுகாப்புக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1928-ல கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ்ங்கிற கட்டடக் கலைஞர் "இங்கிலாந்தும் ஆக்டோபஸும்"னு அர்த்தம் வர்ற தலைப்புல ஒரு புத்தகம் போட்டார். ஆக்டோபஸ்னா வேற யாரும் இல்லை, இந்த பங்களாக்கள்தான். படிக்கும்போது எனக்கு கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சு. பிரபு ஆயிரம் ஏக்கர்ல அரண்மனை கட்டினா அது நிலக்காட்சி. டிராம் டிரைவர் ரெண்டு சென்ட்ல கூரை போட்டா ஆக்டோபஸ்.

(ஒரு கிளைக்கதை. அபர்குரோம்பி மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் முன்னோடி பாட்ரிக் கெடிஸ். அவர் தன்னோட நகரமைப்புக் கண்காட்சியை 1914-ல கப்பல்ல இந்தியாவுக்கு அனுப்பினார். அந்தக் கப்பலை மூழ்கடிச்சது யார் தெரியுமா? அதே வருஷம் செப்டம்பர்ல மெட்ராஸ் மேல குண்டு போட்ட நம்ம எம்டன்! மனுஷன் அசரலை. நண்பர்கள் மறுபடி படமெல்லாம் சேர்த்து அனுப்ப, 1915-ல மெட்ராஸ்ல கண்காட்சியை நடத்திட்டார். 1920-ல மெட்ராஸ் நகரமைப்புச் சட்டமும் வந்துச்சு. சரி, விட்ட இடத்துக்கு வருவோம்.)

இது மேல்தட்டு ரசிகர்களோட கதை மட்டும்னு முடிச்சிருப்பேன். ஆனா இன்னொரு பக்கம் இருக்கு.

மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலம். வாரம் பூரா மில்லுல புகையும் பஞ்சுத் தூசியும் முழுங்கின ஜனங்க ஞாயித்துக்கிழமை நடக்கப் போகணும்னா பக்கத்துல இருந்த மலை அதுதான். ஆனா அது பணக்காரங்க பறவை சுடறதுக்குன்னு வேலி போட்ட இடம். காவலாளி தடியோட நிப்பான். 1932 ஏப்ரல் 24 அன்னிக்கு பென்னி ராத்மன்னு ஒரு இருபது வயசுப் பையன் தலைமையில சுமார் 400 பேர் ஏறிட்டாங்க. தள்ளுமுள்ளு ஆச்சு. அஞ்சு பேருக்கு ரெண்டு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அந்தத் தண்டனையாலதான் நாடு பூரா பேச்சாச்சு.

ஆக, பங்களாவைப் பார்த்து முகம் சுளிச்சவங்களும், மலையில நடக்க ஜெயிலுக்குப் போனவங்களும் ஒரே கோரிக்கைக்கு வந்து சேர்ந்தாங்க. கிராமப்புறத்தைக் காப்பாத்து. ரெண்டு பேருமே வெளியிலேர்ந்து அதைப் பார்க்கிறவங்கதான். உள்ளே குடியிருக்கிறவன் அந்தக் கூட்டத்துல கம்மி.

ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போதே கமிட்டி மேல கமிட்டி. 1942-ல ஸ்காட் கமிட்டி அறிக்கை. நிலத்தைக் காக்க விவசாயி இருக்கான், அவனை விட்டுடுங்க, மத்தவங்களைக் கட்டுப்படுத்துங்கன்னு அதோட போக்கு. டென்னிசன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் மட்டும் ஒத்துக்காம தனி அறிக்கை எழுதினார். கிராமத்தை அப்படியே வச்சிருந்தா கிராமத்தான் ஏழையாவே இருப்பான்னு அவர் கவலை. யாரும் கேக்கலை. 1945-ல ஜான் டௌவர், தேசியப் பூங்கா எப்படி இருக்கணும்னு அறிக்கை கொடுத்தார். கட்டடக் கலைஞர், பெரிய நடையாளி, காச நோயாளி. 1947-ல செத்துப் போயிட்டார். தான் வரைஞ்ச பூங்கா ஒண்ணைக்கூட பார்க்கலை.

1947-ல வந்த நகர, ஊரகத் திட்டச் சட்டம்தான் எல்லாத்துக்கும் அடி. அதுக்கு முன்னாடி உன் நிலத்துல கட்டாதேன்னு சர்க்கார் சொன்னா பெரும்பாலும் நஷ்ட ஈடு கேக்கலாம். அதுக்கு பயந்தே எந்த ஊராட்சியும் வாயைத் திறக்காது. 1947 சட்டம் என்ன பண்ணுச்சுன்னா, நிலம் உன்கிட்டயே இருக்கட்டும், அதுல கட்டற உரிமை மட்டும் சர்க்காரோடதுன்னு எடுத்துக்கிச்சு. இழப்பீட்டுக்கு மொத்தமா 30 கோடி பவுண்டு ஒதுக்கினாங்க. 1948 ஜூலை 1 முதல் அமல். அன்னிலேர்ந்து அந்த நாட்டுல கட்டறதுன்னா கேட்டுட்டுக் கட்டறதுதான். ரெண்டு பெரிய விலக்கு. ஒண்ணு, நிலத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்தறது. இன்னொண்ணு, வெளித்தோற்றத்தை மாத்தாம வீட்டுக்குள்ள பண்ற வேலை. பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல இல்லேன்னா, உள்ளே சுவரை இடி, கட்டு, என்ன வேணா பண்ணு, வெளியே தெரியறது மட்டும் ஊர் சொத்து.

அம்மா கேட்ட கேள்விக்கு பதில் இங்கேதான் இருக்கு. கக்கூஸுக்காக கேக்கலை பாட்டி, அதோட வெளிச்சுவருக்காக கேக்கறோம்!

1949-ல தேசியப் பூங்காச் சட்டம். முதல் பூங்கா எது? 1951 ஏப்ரல்ல பீக் டிஸ்ட்ரிக்ட். அதாவது ராத்மன் ஏறின அதே மலை. பூங்கா அளவுக்கு இல்லாத அழகான இடங்களுக்கு இந்த ஏ.ஓ.என்.பி. முதல்ல வேல்ஸ்ல கௌவர் தீபகற்பம், 1956.

ஆரம்பத்துல சின்ன வீட்டு வேலைகளுக்கான சலுகை அளவு பாதுகாக்கப்பட்ட இடத்துக்கும் மத்த இடத்துக்கும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்துச்சு. பிரிஞ்சது 1981-ல. மத்தவங்க கேக்காம கூட்டிக்கிற அளவை 50 கன மீட்டர்லேர்ந்து 70 ஆக்கினாங்க. இங்கே மட்டும் 50-லயே நிறுத்திட்டாங்க. 2008-ல கன அளவையே தூக்கிட்டு எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்னு விதி போட்டாங்க. அப்பத்தான் பக்கவாட்டுல ஒரு அடி கூட கேக்காம கட்டக்கூடாதுன்னு ஆச்சு.

இதுல கொடுமை என்னன்னா, நண்பர் வீட்டு மாடியிலேர்ந்து பார்த்தா பக்கத்துப் பண்ணையோட தகரக் கொட்டகை. நம்ம கல்யாண மண்டபம் சைஸ். விவசாயக் கட்டடங்கிறதால அளவுக்குள்ள இருந்தா முழு அனுமதி வேண்டாம், முன்கூட்டி தகவல் சொன்னா பல சமயம் போதும். ஸ்காட் கமிட்டி புண்ணியம்! இன்னொரு விவசாயி, சர்ரே பக்கம் பசுமை வளையப் பகுதியில, வைக்கோல் கட்டு அடுக்கி மறைச்சு உள்ளே கோட்டை மாதிரி வீடே கட்டிட்டார். நாலு வருஷம் யாரும் கண்டுபிடிக்கலேன்னா தப்பிக்கலாம்னு அப்போ ஒரு விதி. 2006-ல வைக்கோலை எடுத்தார். மறைச்சு வச்ச காலம் கணக்குல வராதுன்னு சொல்லிட்டாங்க. வழக்கு வருஷக்கணக்கா இழுத்து, 2016-ல இடிச்சே ஆகணும்னு ஆச்சு.

எங்களுக்கு வைக்கோல் தேவைப்படலை. பக்கவாட்டுல முடியாட்டி பின்பக்கம்? தனி வீடுன்னா இந்த இடத்துலயும் பின்சுவர்லேர்ந்து 4 மீட்டர் வரைக்கும் ஒரு தளம் கேக்காம கட்டலாம். ஆனா எந்தப் பின்சுவர்? "ஒரிஜினல்" வீட்டோட பின்சுவர். ஒரிஜினல்னா சட்டப்படி 1948 ஜூலை 1 அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி. நண்பர் வீட்டுப் பின்னாடி ஒரு சமையல்கட்டு துருத்திக்கிட்டு இருக்கு. அது அந்தத் தேதிக்கு அப்புறம் கட்டினதுன்னா 4 மீட்டர்ல பாதிக்கு மேல அதுவே சாப்பிட்டாச்சு. முன்னாடின்னா அதோட சுவர்லேர்ந்து அளக்கலாம்.

அம்மாவோட பாத்ரூம் இப்போ அந்த சமையல்கட்டோட வயசுல தொங்குது. பக்கத்து வீட்டு தாத்தா, எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இருக்குன்னார். ஆனா அவர் பொறந்ததே 1946. ரெண்டு வயசு ஞாபகத்தை எந்த ஆபீசர் ஒத்துக்குவார்? கடைசியில மாவட்ட ஆவணக் காப்பகத்துல, போருக்கு முன்னாடி அச்சான பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் கிடைச்சுது. மைலுக்கு 25 அங்குல அளவு, ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியா தெரியும். வீட்டுக்குப் பின்னாடி நகக்கண் அளவுல ஒரு சின்ன சதுரம். துணி துவைக்கிற கொட்டகையா இருந்திருக்கும். ஸ்கேல் வச்சு அளந்தோம். இப்போ இருக்கிற சமையல்கட்டு அளவேதான். நண்பர் அந்த லைப்ரரி அமைதியில "ஏய்"னு கத்திட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

வரைபட நகலோட, இது அனுமதி தேவையில்லாத வேலைன்னு ஒரு சான்றிதழ் கேட்டு விண்ணப்பிச்சோம். வந்துச்சு. அதே மாதிரி கல்லுல பாத்ரூம் கட்டி முடிச்சாச்சு. டார்மர் ஆசையை விட்டுட்டார், அதுக்கு வழியே இல்லை. கூரை மட்டத்தோட படிஞ்சிருக்கிற கண்ணாடி ஜன்னல் ரெண்டு போட்டுக்கிட்டார், அதுக்கு கேக்க வேண்டாம்.

போன மாசம் போயிருந்தப்போ அந்த வயல் நடைபாதையில நானும் நண்பரும் ஒரு நடை போனோம். அங்கேர்ந்து பார்த்தா புது பாத்ரூம் தெரியவே இல்லை. பக்கவாட்டுல கட்டியிருந்தா நல்லாவே தெரிஞ்சிருக்கும்னு நண்பர்கிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. கொட்டகையைக் காட்டினார்.

டௌவர் அறிக்கை பத்தி தனியா ஒரு பதிவு எழுத உத்தேசம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீட்டை மாத்திக் கட்ட அனுமதி வாங்கின அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.