கங்காணியின் பேச்சும் இணையக் கருத்தும்: யாரை நம்புவது?

இணையத்தில் பொருள் வாங்கும்முன் நாம் பார்ப்பது நட்சத்திரங்களையும் வாங்கியவர்களின் கருத்துகளையும்தான். எழுதியவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? நூறு ஆண்டுகளுக்கு முன் சிரம்பான், போர்ட்டிக்சன், லிங்கி வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரும் பார்க்காத ஊரை அடுத்தவர் சொல் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

கங்காணியை ஏன் நம்பினார்கள்?

1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே முக்கிய வழியானது. தோட்டத்தில் வேலை செய்பவருக்கே உரிமம் கொடுத்து, அவர் பிறந்த ஊருக்கு ஆள் திரட்ட அனுப்பினார்கள். ஊர்க்காரர், உறவுக்காரர், அங்கேயே இருந்து வந்தவர். “நம்ம ஆளு பொய் சொல்வாரா?” என்ற எண்ணம் இயல்புதானே! அவர் உடுத்திய வேட்டியும் போட்டிருந்த நகையும்கூட சாட்சி சொல்லின.

மறைந்திருந்த லாபம்

ஆனால், சேர்த்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குப் பணம் உண்டு. தம் கும்பலில் வேலைக்கு வருவோரைக் கணக்கிட்டுத் தலைக்காசும் கிடைத்தது. ஆகவே சம்பளத்தைப் பற்றி நிறையப் பேசினார். மலேரியாக் காய்ச்சலையும் கடனையும் பற்றிப் பேசவில்லை. சொன்னது எல்லாமே பொய் அல்ல. சொல்லாமல் விட்டதுதான் ஆபத்து. நம்பி வந்தவர்களில் பலர் அதற்கு உயிரையே விலை கொடுத்தார்கள்.

சரிபார்க்கும் வழிகள்

ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் அதிகாரிகள் ஆட்களை விசாரித்தார்கள். 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின், இந்திய அரசின் பிரதிநிதி கோலாலம்பூரில் அமர்ந்தார். ஆனாலும் வலுவான சான்று, ஊர் திரும்பியவர்களின் வாய்ச்சொல்லே. அவர்களுக்குத் தலைக்காசு கிடையாது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தொழிலாளர் விலகலாம் என்பதால், கெட்ட பெயர் எடுத்த தோட்டத்தில் ஆள் தங்கவில்லை. 1936-இன் இறுதியில் மலாயா வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரி, கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்தப் பரிந்துரைத்தார். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்றுவரும் தொழிலாளர் குடியேற்றத்தையே தடை செய்தது.

இன்றைய பாடம்

பணம் வாங்கிப் புகழ்பவர் அன்றும் இருந்தார், இன்றும் இருக்கிறார். ஒரு கருத்தைப் படிக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: சொல்பவர் நேரில் அனுபவித்தவரா? அவருக்கு என்ன லாபம்? குறையையும் சொல்கிறாரா? தொடர்பில்லாத மற்றவர்களும் அதையே சொல்கிறார்களா? வரலாற்று மூலங்களை மதிப்பிடவும் இதே கேள்விகள்தாம்.

உயர்நிலைச் சிந்தனை வினா: கங்காணியின் சொல், ஊர் திரும்பியவரின் சொல் ஆகிய இரண்டில் எது நம்பத்தக்கது? இரண்டு காரணங்களுடன் விளக்குக.