அச்சிட்டவர், வெளியிட்டவர்: கட்சி ஏடுகளும் பெயரில்லாத இணையப் பிரசாரமும்

தேர்தல் நேரத்தில் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் துண்டறிக்கையின் கீழோரத்தைப் பார்த்தால், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருக்கும். அச்சகத்தின் பெயர், ஊர், வெளியிட்டவரின் பெயர், முகவரி, பெரும்பாலும் எத்தனை பிரதிகள் என்ற கணக்கும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அந்தப் பெயர்களையும் முகவரிகளையும் கட்டாயமாக்குகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே வேட்பாளரைப் பற்றி அதே நாளில் வாட்ஸ்அப்பில் வந்து சேரும் படத்தில் அப்படி ஒரு வரி இருப்பதில்லை. கட்சிகளுக்கும் செய்தி ஊடகங்களுக்கும் இடையிலான உறவில் இணையம் கொண்டுவந்த பெரிய மாற்றம் இந்த வரி மறைந்துபோனதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் காலத்தில் பத்திரிகைகள் உண்மை பேசின, இணையம் வந்து பொய்யைப் பெருக்கிவிட்டது என்று பலரும் வருந்துகிறார்கள். தமிழகக் கட்சி ஏடுகளைப் புரட்டியவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். கட்சி ஏடு நடுநிலையாக இருந்ததில்லை. இருப்பதாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. எதிர்க்கட்சியின் மாநாட்டுக் கூட்டத்தைக் குறைத்தும் தன் மாநாட்டுக் கூட்டத்தைக் கூட்டியும் எழுதியது. ஆனால் படிப்பகத்தில் அதை எடுத்து விரித்தவருக்கு அது யாருடைய குரல் என்று முகப்பிலேயே தெரிந்திருந்தது. கட்சிக்காரர் நம்பிப் படித்தார், மாற்றுக் கட்சிக்காரர் தள்ளுபடி செய்து படித்தார். எவ்வளவு தள்ளுபடி செய்யலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை வாசகரிடம் இருந்தது.

இந்த உரிமையை யாரும் வாசகருக்கென்று வடிவமைத்துத் தரவில்லை. 1867ஆம் ஆண்டு அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் காலனி அரசு தன் கண்காணிப்புக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பெயர் கேட்டது. 1908இல் ‘இந்தியா’ வார இதழ்மீது ராஜதுரோக வழக்கு வந்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். இதழின் உயிராக இருந்த பாரதி புதுச்சேரிக்குப் போனார். அச்சில் இருந்த பெயர் வேறு, எழுதிய கை வேறு. ஆகவே அடிவரி எப்போதும் முழு உண்மை சொன்னது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு விலை இருந்தது. 1933 அக்டோபரில் ‘குடி அரசு’ எழுதிய தலையங்கத்துக்காக ஆசிரியர் பெரியாரோடு வெளியீட்டாளர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டனை பெற்றார். ஒரு பெண் தன் பெயரை இதழின் கீழே போட்டதற்குச் சிறை சென்ற இந்த நிகழ்ச்சி, அரசியல் பேச்சில் கையொப்பம் என்பது எவ்வளவு கனமானது என்பதைக் காட்டுகிறது.

அந்தக் கனத்தினால் வந்த பயன் நெருக்கடிநிலைக் காலத்தில் தெரிந்தது. 1942இல் திருவாரூரில் கருணாநிதி ‘சேரன்’ என்ற புனைபெயரில் துண்டறிக்கையாகத் தொடங்கிய ‘முரசொலி’, 1976க்குள் தி.மு.க.வின் நாளேடாக நிலைபெற்றிருந்தது. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் மிசாவில் கைதானார்கள். யார் யார் கைதானார்கள் என்று எழுதத் தணிக்கை விடவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாக ஒரு பெயர்ப் பட்டியலை ‘முரசொலி’ வெளியிட்டது. அது கைதானவர்களின் பட்டியல். தணிக்கை அதிகாரி பார்த்தபோது அஞ்சலிச் செய்தி. தொண்டர் பார்த்தபோது தன் ஒன்றியச் செயலாளர் உள்ளே இருக்கிறார் என்ற தகவல். இந்தச் சங்கேதம் பலித்ததற்குக் காரணம், ஏடு யாருடையது, பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்பதில் வாசகருக்குத் துளியும் ஐயம் இல்லாததுதான். ஊர் பேர் தெரியாத ஒரு தாளில் அதே பட்டியல் வந்திருந்தால் அதற்குப் பொருளே இருந்திருக்காது.

பெயர் போடுவது ஆபத்தும்தான். 2003 நவம்பர் 7 அன்று தமிழகச் சட்டமன்றம் உரிமை மீறல் என்று கூறி ‘தி இந்து’ நாளேட்டைச் சேர்ந்த ஐவருக்கும், அந்த ஏட்டின் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட ‘முரசொலி’யின் ஆசிரியருக்கும் 15 நாள் சிறைத் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தி வைத்தது. பெயர் தெரிந்தால்தான் தண்டிக்க முடியும். பெயர் தெரிந்தால்தான் நீதிமன்றத்தில் நின்று வாதாடவும் முடியும். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தொலைக்காட்சிக் காலம் ஓர் இடைநிலை. 1993இல் சன் டிவி, 1999இல் ஜெயா டிவி, 2007இல் கலைஞர் தொலைக்காட்சி. சட்டத்தின் பார்வையில் இவை தனி நிறுவனங்கள், மக்களின் பார்வையில் இன்ன கட்சிச் சேனல். அரசியல் அமைப்புகளுக்கு ஒளிபரப்பு உரிமம் தரக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. பரிந்துரையோடு நின்றது. இருந்தும் வாசகரிடம் இருந்த தள்ளுபடி உரிமை பார்வையாளரிடமும் ஓரளவு தங்கியது. ஒரே பொதுக்கூட்டத்தை இரண்டு சேனல்களில் மாற்றி மாற்றிப் பார்த்து உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது என்று கணக்கிடத் தமிழ்க் குடும்பங்கள் கற்றுக்கொண்டன.

இணையத்தில் அந்தக் கணக்குக்கு வழியில்லை. கட்சியின் அதிகாரபூர்வப் பக்கம் இருக்கிறது; அதில் கொடி, சின்னம், தலைவர் படம் எல்லாம் உண்டு. அதற்கு அடுத்த வளையத்தில் தகவல் தொழில்நுட்ப அணியினரும் ஆர்வலர்களும் தத்தம் பெயரில் எழுதுகிறார்கள். அதற்கும் வெளியே ஊர்ச் செய்திப் பக்கம், நகைச்சுவைப் பக்கம், நடிகர் ரசிகர் பக்கம் என்ற தோற்றத்தில் இயங்கும் கணக்குகள். எதிராளியைக் கடுமையாகத் தாக்கும் வேலை இந்த மூன்றாம் வளையத்துக்குத் தள்ளப்படுகிறது. வம்பு வந்தால் அது எங்கள் கணக்கு இல்லை என்று கட்சி சொல்லிவிடலாம். 2019 ஏப்ரல் 1 அன்று, மக்களவைத் தேர்தல் தொடங்கப் பத்து நாள் இருக்கையில், ஃபேஸ்புக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காங்கிரஸின் தகவல் தொழில்நுட்பப் பிரிவோடு தொடர்புடைய தனிநபர்கள் நடத்திய 687 பக்கங்களையும் கணக்குகளையும் நீக்கியதாகச் சொன்னது. சில்வர் டச் என்ற நிறுவனத்தோடு தொடர்புடையவர்களின் 15 பக்கங்கள், கணக்குகளையும் நீக்கியது, பா.ஜ.க.வைப் பற்றியும் அதன் எதிராளிகளின் தவறுகள் என்று சொல்லப்பட்டவை பற்றியும் எழுதிவந்த அவற்றைச் சுமார் 26 லட்சம் பேர் பின்தொடர்ந்திருந்தார்கள். பதிவுகள் பொய் என்பதற்காக இந்த நீக்கம் நடக்கவில்லை. நடத்துவது யார் என்பதை மறைத்து, கூட்டாக இயங்கியதே குற்றச்சாட்டு. இந்த இடத்தில் ஒரு தனியார் நிறுவனம் நம் சட்டத்தைவிடத் தெளிவாக நோயை அடையாளம் கண்டது என்றே நினைக்கிறேன்.

தேர்தல் ஆணையம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2013 அக்டோபரில் வேட்பாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. இணைய விளம்பரங்களுக்கு முன்அனுமதியும் செலவுக் கணக்கும் கேட்டது. 2024 மே மாதம், போலிக் காணொளிகள் கவனத்துக்கு வந்தால் கட்சிகள் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றது. 2025இல் செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய பிரசாரத்துக்கு அடையாளக் குறிப்பு வேண்டும் என்றது. 2013இன் விதிகள் சொந்தப் பெயரில் இயங்குவோரை மட்டுமே பிடிக்கின்றன. 2024இன் விதி, கணக்கைத் தன்னுடையது என்று கட்சி ஒப்புக்கொண்டால்தான் பயன்படும். 2025இன் விதி பெரிதும் கருவியைப் பற்றியது; ஆபத்தோ கருவியில் இல்லை. 2024 ஜனவரியில் தி.மு.க. தலைவர்களில் ஒருவரான டி.ஆர். பாலுவின் நூல் விழாவில், மறைந்த கருணாநிதியின் செயற்கை நுண்ணறிவு உருவம் திரையில் தோன்றிப் பேசியது. அரங்கில் யாரும் ஏமாறவில்லை. யார் செய்தது, யார் விழாவில் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். எந்த மென்பொருளும் இல்லாமல், ஒரு பழைய கலவரப் படத்துக்குப் புதிய ஊர்ப் பெயரை ஒட்டி அனுப்பும் பெயரற்ற பதிவுதான் தெருவில் கல் எறிய வைக்கிறது.

பெயர் கேட்டால் சாமானியன் வாய் அடைபடும் என்ற மறுப்பை நான் முழு மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, ஒரு பதிவுக்காக எளிய மனிதர்கள் காவல் நிலையம் ஏறினார்கள். அதே சட்டத்தின்கீழ் வந்த 2021ஆம் ஆண்டு விதிகள் செய்தியின் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்று கேட்டபோது, மறைகுறியாக்கத்தை உடைக்காமல் அது முடியாது என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அதிகாரத்தை எதிர்த்து எழுதும் குடிமகனுக்கு முகமூடி வேண்டும். பாரதிக்கும் அது தேவைப்பட்டது. அதிகாரத்தைக் கேட்டு வாக்காளர் முன் நிற்கும் கட்சிக்கு அது எதற்கு? பிரிட்டனில் 2023 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. காசு கொடுத்துச் செய்யும் அரசியல் விளம்பரம் யாருடையதானாலும் வெளியிட்டவர் பெயர் வேண்டும். காசில்லாத பதிவென்றால் கட்சிகள், வேட்பாளர்கள், பதிவுபெற்ற பிரசாரகர்கள் போன்றோருக்கு மட்டுமே அந்தக் கடமை. தேநீர் குடித்துக்கொண்டே கருத்து எழுதும் தனிமனிதரை அது தொடுவதில்லை.

இந்தியாவில் இதற்குப் புதிய கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டியதில்லை. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாட்களுக்குள்ளும், மக்களவைத் தேர்தலென்றால் 90 நாட்களுக்குள்ளும் கட்சிகள் செலவுக் கணக்கை ஆணையத்திடம் தர வேண்டும். எந்தெந்தப் பக்கங்களுக்கு, எந்தெந்த நிறுவனத்தின் வழியாகப் பணம் போனது என்ற பட்டியலை அந்தக் கணக்கோடு இணைக்கச் சொல்லலாம். 127ஏ பிரிவில் அச்சுக்கு உள்ள கடமையைத் திரைக்கும் நீட்டலாம். பெயர் பதிவின் குறிப்பில் இருந்தால் போதாது, படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். படம் குழு குழுவாகக் கைமாறும்போது குறிப்பு உதிர்ந்துவிடும். இடம் இல்லை என்ற சமாதானம் செல்லாது. நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் ஓவியர்கள் தங்கள் பெயரை ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் ஏணியை எடுக்கிறார்கள். மீம் செய்பவர்களும், வேறு பக்கத்தார் திருடிவிடக் கூடாது என்று, தங்கள் பக்கத்தின் முத்திரையைப் படத்தின் மூலையில் பதித்தே அனுப்புகிறார்கள். கட்சியின் பெயர் அந்த முத்திரைக்குக் கீழே ஒரு வரி.