எரிசக்தி சேமிப்புச் சட்டம், 2001 (இந்தியா)

மின்சாரம், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை வீணாக்காமல் பயன்படுத்தச் செய்வதற்காக இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 2001ஆம் ஆண்டின் 52ஆவது சட்டமான இதற்கு அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2002 மார்ச் 1 அன்று இது நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், இதைச் செயல்படுத்தும் எரிசக்தித் திறன் பணியகம் ஒன்றிய மின்துறை அமைச்சகத்தின் கீழ் புதுடெல்லியில் அமைக்கப்பட்டது. 2010இலும் 2022இலும் சட்டம் திருத்தப்பட்டது. ஃப்ரிட்ஜ், ஏசி, ஃபேன் வாங்கும்போது கடைக்காரர் காட்டும் ‘ஸ்டார்’ சீட்டு வழியாகத்தான் பொதுமக்கள் இச்சட்டத்தை அறிவார்கள். அதன் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

பின்னணி

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, விலை பல மடங்கு ஏறியபோதுதான் எரிசக்திச் சிக்கனம் உலகெங்கும் சட்டப் பொருளானது. அமெரிக்கா 1975இலும் ஜப்பான் 1979இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. இந்தியா 1989இல் எரிசக்தி மேலாண்மை மையம் என்ற அமைப்பைத் தொடங்கியது. அதனால் ஆலோசனை சொல்ல முடிந்ததே தவிர, யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. மின்வெட்டு அன்றாட நிகழ்வாக இருந்த அந்நாளில், புதிய மின்நிலையங்களைக் கட்டுவதே ஒரே வழி என்ற எண்ணம் வலுவாக இருந்தது. இருக்கும் மின்சாரத்தைச் சேமிப்பதும் உற்பத்திக்குச் சமம் என்பதைச் சட்டமாக எழுத மேலும் 12 ஆண்டுகள் ஆயின. பழைய மையத்தின் சொத்துகளும் பணியாளர்களும் புதிய பணியகத்துக்கு மாற்றப்பட்டன.

அதிகாரங்கள்

கருவிகள் எவ்வளவு மின்சாரம் செலவிடலாம் என்று தரம் வகுப்பது, தரத்துக்குக் குறைந்தவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் இறக்குமதியையும் தடுப்பது, சீட்டு ஒட்டக் கட்டளையிடுவது, பெரிய ஆலைகளைக் ‘குறிக்கப்பட்ட நுகர்வோர்’ என அறிவிப்பது, கட்டட விதித்தொகுப்பை வெளியிடுவது ஆகிய அதிகாரங்கள் ஒன்றிய அரசுக்கு உண்டு. அரசமைப்பில் மின்சாரம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு மாநிலமும் ஒரு முகமையை நியமிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம் உள்ளது. பாதுகாப்பு, அணுசக்தித் துறைகளுக்குச் சட்டம் பொருந்தாது.

இச்சட்டம் தண்டனையோடு தொடங்கவில்லை. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு யார்மீதும் அபராதம் விதிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அளந்து பழகாத ஒரு நாட்டில் முதலில் அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததால் அது சரியான முடிவே. எரிசக்தி மேலாளர்கள், தணிக்கையாளர்கள் என்ற புதிய தொழிற்பிரிவே அதனால் உருவானது. அவர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு 2004இல் தொடங்கியது.

நட்சத்திரச் சீட்டு

சீட்டுத் திட்டம் 2006 மே மாதம் விருப்பத் திட்டமாகத் தொடங்கியது. 2010 ஜனவரி முதல் பனி உறையாத ஃப்ரிட்ஜ், அறை ஏசி, டியூப்லைட், பகிர்மான மின்மாற்றி ஆகியவற்றுக்குக் கட்டாயமானது. ஏறத்தாழ எல்லா வீட்டிலும் சுழலும் சீலிங் ஃபேன் 2023 ஜனவரியில்தான் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது. இது மிகத் தாமதமான சேர்க்கை. பழைய வகை ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும், காந்த மோட்டார் பொருத்திய புதிய வகை (கடைகளில் ‘பி.எல்.டி.சி. ஃபேன்’) சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் முன்னது 270 யூனிட்டும் பின்னது 108 யூனிட்டும் எடுக்கும். ஒரு ஃபேனில் மட்டும் ஆண்டுக்கு 162 யூனிட் மிச்சம்.

நட்சத்திரங்களின் எண்ணிக்கை ஒன்று முதல் ஐந்து வரை. அந்த அளவுகோல் நிலையானதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியகம் அதை உயர்த்துகிறது. ஏசி ஒரு பருவம் முழுவதும் தரும் குளிர்ச்சியை, அது செலவிடும் மின்சாரத்தால் வகுத்து வரும் எண்ணே அளவுகோல். 2018இல் அந்த எண் 4.5 இருந்தால் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலை முதல் அதற்கு 5 தேவைப்பட்டது, 4.5 உள்ள ஏசி நான்கு நட்சத்திரத்துக்கு இறங்கியது. ஆகவே ‘அஞ்சு ஸ்டார்’ என்று சொன்னால் போதாது, எந்த ஆண்டின் ஐந்து என்றும் கேட்க வேண்டும். சீட்டிலேயே அது செல்லுபடியாகும் காலமும் ஆண்டு மின்செலவும் அச்சிடப்பட்டிருக்கின்றன.

2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரம் பெற்ற அறை ஏசிகள் அனைத்தும், சுவிட்சைப் போட்டதும் 24 டிகிரி செல்சியஸில் தொடங்குமாறு தயாரிக்கப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. பயனர் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது பணியகத்தின் கணக்கு. யாருக்கும் செலவு வைக்காத இந்த விதி, சட்டத்தின் கீழ் பிறந்த நல்ல யோசனைகளில் ஒன்று.

ஆலைகள்

சட்டத்தின் முழு வலிமையும் வெளிப்பட்டது பெரிய ஆலைகளில்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிசக்தி செலவிடும் ஆலை ‘குறிக்கப்பட்ட நுகர்வோர்’ ஆகும். அனல்மின் நிலையத்துக்கு அந்த அளவு ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்கு நிகரான எரிசக்தி. துணி ஆலைகளுக்கு 3,000 டன். ஒரு டன் எண்ணெய்க்கு நிகர் என்றால் 11,630 யூனிட் மின்சாரம். இவ்வாலைகள் தகுதி பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும், உரிய காலத்தில் தணிக்கை செய்துகொள்ள வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டின் பெரிய நூற்பாலைகளையும் சிமெண்ட் ஆலைகளையும் அனல்மின் நிலையங்களையும் இச்சட்டம் தொட்டது இந்த வழியில்தான்.

2010 திருத்தம் எரிசக்தி சேமிப்புச் சான்றிதழ்களுக்கு இடமளித்தது. அதன்மேல் எழுந்த திட்டமே ‘பாட்’. ஒரு டன் பொருளை உண்டாக்க ஆகும் எரிசக்தியை மூன்று ஆண்டுகளில் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனி இலக்கு கொடுக்கப்பட்டது. அதற்கு மேலும் சேமித்த ஆலைக்கு, மிகுதியான ஒவ்வொரு டன் எண்ணெய் நிகருக்கும் ஒரு சான்றிதழ். இலக்கை எட்டாத ஆலை அச்சான்றிதழ்களை வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில் அலுமினியம், சிமெண்ட், குளோர் ஆல்கலி, உரம், இரும்பு எஃகு, காகிதம், துணி, அனல்மின் ஆகிய எட்டுத் துறைகளில் 478 ஆலைகள் இருந்தன. மொத்த இலக்கு 66.86 லட்சம் டன் எண்ணெய் நிகர். சேமிக்கப்பட்டது 86.7 லட்சம் டன். இரண்டாம் சுற்றில் ரயில்வே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, மின் விநியோக நிறுவனங்கள் சேர்ந்து எண்ணிக்கை 621 ஆனது.

இலக்கு தாண்டப்பட்டதில் மகிழ்ச்சி உண்டு. இலக்கு எளிதாக இருந்ததற்கும் அதுவே சான்று. 38 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. 2017 செப்டம்பரில் மின்சந்தைகளில் அவற்றின் விற்பனை தொடங்கியபோது வாங்க வேண்டிய ஆலைகள் மிகக் குறைவு. கைமாறியவை சுமார் 13 லட்சம். 1,200 ரூபாயில் தொடங்கிய விலை சில மாதங்களில் பாதிக்கும் கீழே போனது. முதலீடு செய்து சேமித்த ஆலைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பரிசு இப்படிக் கரைந்தது.

தண்டனையும் திருத்தங்களும்

தொடக்கத்தில் அபராதம் 10,000 ரூபாய் மட்டுமே. 2010இல் அது 10 லட்சமாக உயர்ந்தது; மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 10,000 ரூபாய் கூடுதல். விசாரிக்கும் அதிகாரம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினர் ஒருவருக்கு உண்டு.

2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 2022 திருத்தம் சட்டத்தின் எல்லையையே மாற்றியது. கார்பன் வரவுச் சந்தைக்கு அடித்தளம் இட்டது. புதைபடிவமல்லாத எரிசக்தியின் குறைந்தபட்சப் பங்கை ஆலைகளுக்கு விதிக்க வழி செய்தது. வாகனங்களையும் கப்பல்களையும் உள்ளே கொண்டுவந்தது. எரிபொருள் தரத்தை மீறும் கார் நிறுவனம், மீறலின் அளவைப் பொறுத்து, விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் 25,000 அல்லது 50,000 ரூபாய் கட்ட வேண்டும். 2023 ஜூனில் கார்பன் வரவு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

எட்டாத இடங்கள்

கட்டட விதித்தொகுப்பு 2007இல் வெளியாகி 2017இல் புதுப்பிக்கப்பட்டது. சுவர், கூரை, கண்ணாடி வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்பதை அது வரையறுக்கிறது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கு உரியது. 2022 திருத்தம் குடியிருப்புகளுக்கும் வழிவிட்டது. ஆனால் மாநிலம் அறிவிக்கை செய்து, தன் கட்டட விதிகளில் சேர்த்து, வரைபட அனுமதியின்போது உள்ளாட்சி அமைப்பு சரிபார்த்தால்தான் அது உயிர்பெறும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் வெயிலை உள்ளே இழுக்கும் கண்ணாடிக் கட்டடம் எழுந்துவிடுகிறது. எழுந்தபின் அரை நூற்றாண்டுக்கு அதைக் குளிர்விக்க வேண்டும்.

வேளாண் பம்ப்செட்டுகளுக்கு நட்சத்திரச் சீட்டு உண்டு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. உழவருக்கு அந்த மின்சாரம் தேவை. அதில் கைவைக்காமலே திறன்மிக்க மோட்டாரைக் கொடுக்க முடியும். ஆனால் மீட்டர் இல்லாத பம்ப்செட் எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு மிஞ்சும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. அளவீட்டையே ஆதாரமாகக் கொண்ட இச்சட்டம் வயல்வெளியை இன்னும் எட்டவில்லை.